தார் ரோட்டில் மட்டும் சொன்ன வாக்கியங்கள்

அக்கா,

கைடு இன்று காலை என் கைக்குத் திரும்பி வந்தது. அதே பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கைடுதான். அட்டை கிழிந்துபோனதும் நீ உரச்சாக்கை வெட்டி ஒட்டினாயே, அந்த அட்டை இன்னும் கெட்டியாக இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தது யார் என்று இப்போதே சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் கடைசியில் சொல்கிறேன். வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் புளி வாசனை! வரிக்கு வரி ஓரத்தில் உன் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. சில பக்கங்களில் புளியின் பழுப்பு, சில பக்கங்களில் செம்மண். நான் ஒரு வரியைத் தப்பில்லாமல் சொன்னால் நீ போடும் சரிக்குறி அது. பேனாவைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து, சரி போட உனக்குப் பொறுமை ஏது?

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. நம்மூர் வளைவுக்குக் கீழே, தார் ரோட்டோரத்து மதகின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இங்கே என்று உனக்குத் தெரியும்.

நான் மலைக்கு மருமகளாக வந்த நாளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எங்களுடையது தாத்தா காலத்திலேயே மலையிறங்கி சந்தவாசல் பக்கம் தங்கிவிட்ட குடும்பம். நீ இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்று ஊர் ஆவலோடு காத்திருந்தது. நாமும் ஊரை ஏமாற்றவில்லை. இரண்டு வருஷம் "வாங்கக்கா, சாப்பிடுங்கக்கா" என்று உதட்டில் மரியாதை வைத்துக்கொண்டு, உள்ளே பொருமிக்கொண்டே இருந்தேன். நான் கரைத்த கூழில் நீ உப்புப் பார்ப்பாய், நீ கூட்டிய வாசலை நான் மறுபடி கூட்டுவேன். நீ என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள், ஆனால் மாமியார் இல்லாத குறையைத் தீர்த்துவைத்தாய்.

ஒருநாள் என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை நீ எடுத்துவிட்டாய். நான் ஓடிவந்து பிடுங்கப் பார்த்தேன். அது என் பத்தாம் வகுப்பு மார்க் சீட்.

"லவ் லெட்டர்னு நெனச்சேன்டி. இது அதவிட மோசமா இருக்குதே!" என்றாய்.

கணக்கில், அறிவியலில், எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். ஆங்கிலத்தில் மட்டும் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும். மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்று முறையும் அதே கதை. இதை என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. உன் கையில் மாட்டிக்கொண்டதும் உட்கார்ந்து அழுதேன். நீ ஆறுதல் சொல்வாய் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"எல்லாத்துலயும் தேறிட்டு இதுல இன்னா கேடு? இங்கிலீஷ் இன்னா மலையா? மலை மேலதான குந்திக்கினு இருக்கோம்!"

அப்போது நான் நம்மூர் பால்வாடியில் ஆயா. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. பத்தாவது தேறினால் அந்த இடத்துக்கு நான் மனுப் போடலாம். தேறாவிட்டால் கீழேயிருந்து யாரையாவது போடுவார்கள். பத்து மணி பஸ்ஸில் ஏறி வந்து, இரண்டு மணி பஸ்ஸில் இறங்கிப் போகிற ஒருத்தியை. மழைக்காலத்தில் பஸ்ஸும் வராது, அவளும் வர மாட்டாள். உன் சின்னவன் அப்போது அந்தப் பால்வாடிப் பிள்ளை. நீ அதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டாய். அடுத்த சந்தைக்குச் செங்கம் போனவள், கூடையில் கருவாட்டுக்கும் மிளகாய்க்கும் நடுவில் இந்தக் கைடை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

நீ படித்தது ஐந்தாவது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்வாய், அவ்வளவுதான். ஆனால் கைடு உன் கையில்தான் இருக்கும், என்னிடம் தர மாட்டாய். அது சாமை அறுப்புக் காலம். வரிசையில் நின்று அறுத்துக்கொண்டே வினைச்சொற்களைச் சொல்லச் சொன்னாய். முதல் நாள் நான் திக்கித் திணறியதைக் கேட்டுவிட்டு அரிவாளை நிறுத்தினாய்.

"இரு, இரு. மூணு மூணா வருதா? நாம அறுக்கறதும் மூணுதான். அரிவாளப் போடறப்ப மொதல் சொல்லு. புடி கைக்கு வந்தா ரெண்டாவது. கீழ வெச்சா மூணாவது. இப்ப சொல்லு."

கோ என்று அறுத்தேன். வென்ட் என்று பிடித்தேன். கான் என்று கீழே வைத்தேன். டேக், டுக், டேக்கன். ஒரு வாரத்தில் கை போகிற இடத்துக்கு வாய் தானாகப் போனது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஏறாதது அது. மூன்றாவது வடிவம் தனியாக நிற்காது, ஹேவ், ஹேஸ், ஹேட் ஏதாவது முன்னால் வேண்டும் என்று கைடைப் பார்த்து நான் படித்தபோது, "அதான, கீழ வெச்சத கட்டுப் போடாம வூட்டுக்குத் தூக்கினு போவ முடியுமா?" என்றாய். அதற்குப் பிறகு நான் தப்புச் செய்தால் நீ கேட்பது ஒரே கேள்வி: "கட்டுப் போட்டியா?"

வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் தெரியாமலே ஈட், ஏட், ஈட்டன் என்று காடு முழுக்கக் கூப்பாடு. கஞ்சி நேரத்தில் யாராவது "ஈட்டன்!" என்று கத்தினால் எல்லாரும் அரிவாளை வைத்துவிட்டு வந்தார்கள். பக்கத்துக் காட்டுப் பூங்காவனம் மட்டும் வாயைக் கோணினாள். "கல்யாணமாயி கொழந்த பெத்தவளுக்குப் பள்ளிக்கூடத்து ஆச" என்றாள். நீ அவளைப் பார்த்து, "சீ, சா, சீன்! பாத்தாச்சு போ" என்றாய். அவளுக்குப் புரியாவிட்டாலும் திட்டு என்பது புரிந்துவிட்டது.

பங்குனியில் பரீட்சை எழுதினேன். முப்பத்துமூன்று.

இரண்டே மார்க், அக்கா! கைடை மாட்டுக் கொட்டகையில் வீசிவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் நீ அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாய்.

"இன்னா கேட்டான், இன்னா தெரியல? அத மட்டும் சொல்லு."

இஃப் பக்கம். இது நடந்தால் அது நடக்கும், இது நடந்திருந்தால் அது நடந்திருக்கும் என்கிற வாக்கியங்கள். புரியாது என்ற பயத்தில் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. அதை உன்னிடம் ஒப்புக்கொண்டேன். "அப்ப நீ பெயில் ஆவல. அந்தப் பக்கம்தான் பெயிலு" என்றாய். மறுபரீட்சைக்குப் பேர் கொடுத்தோம்.

அதற்குள் வைகாசிக் கடைசியில் புழுதியில் சாமை விதைத்துவிட்டோம். விதை மண்ணில் விழுந்ததிலிருந்து முளை தெரியும்வரை நம்மூரில் யாரும் "இல்லேன்னா" என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். மழை வந்தால் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், மழை வந்ததும் என்பார்கள். எனக்கும் இது தெரியும். ஆனால் பரீட்சைக் கிறுக்குப் பிடித்தவளுக்கு எது நினைவில் நிற்கும்? விதைத்த எட்டாம் நாள், வானத்தில் ஒரு துளி மேகம் இல்லாத நேரத்தில், காட்டு வரப்பில் நின்றுகொண்டு அந்த இஃப் பக்கத்தின் முதல் வரியைச் சத்தம் போட்டுப் படித்தேன். இஃப் இட் டஸ் நாட் ரெயின், தி கிராப்ஸ் வில் டை. அதோடு விட்டேனா? மனசில் பதியட்டும் என்று தமிழிலும் சொன்னேன். மழை பெய்யாவிட்டால் பயிர் செத்துப்போகும்.

பூங்காவனம் அடுத்த காட்டில் நிமிர்ந்தாள். "ஐயையோ! வெதச்ச காட்டுல நின்னுக்கினு இன்னா பேச்சு பேசறா பாரு! கேக்க ஆளில்லயா?"

சாயங்காலம் நம் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் மாமனார் கையை நீட்டி, "பொஸ்தகத்தக் குடும்மா. மொளப்பு தெரிஞ்சதும் நானே குடுத்துர்றேன்" என்றார். மழை வந்தால்தானே முளைப்பு? பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. என் தப்பு என்று எனக்கே தெரிந்தது. கைடை எடுத்து நீட்டினேன்.

நடுவில் உன் கை வந்தது. கைடைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

"மாமா, அவ சொன்னது தப்பு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா வெதச்ச காட்டுலதான அந்தப் பேச்சு ஆவாது? ரோட்டுல எவன் வெதச்சான்?"

மாமா தாடையைச் சொறிந்தார். "ரோடு கவர்மெண்டுது" என்றார்.

"ரோட்டுல பேசினா காத்துல வராதா?" என்றாள் பூங்காவனம்.

"வந்தா வரட்டும். காத்துக்கு இங்கிலீஷ் தெரியுமா? தமிழ்ல அர்த்தம் சொல்ல மாட்டோம். போதுமா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் மற்றவர்களும் கலைந்தார்கள். அன்றைக்குத்தான் அக்கா, நான் உன்னை முதல்முதலாக "நீ" என்று கூப்பிட்டேன். "நீ இல்லேன்னா" என்று ஆரம்பித்தேன். "ஏய், வாய மூடு, வெத கெடக்குது" என்று என் தலையில் குட்டினாய்.

மறுநாள் விடிந்ததிலிருந்து இந்த ரோடுதான் நம் பள்ளிக்கூடம். மதகிலிருந்து மேல் வளைவுவரை போவோம், திரும்பி வருவோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நீ குனிந்து என் காலைப் பார்ப்பாய். "ரெண்டு காலும் தார்ல இருக்குதா? சரி, சொல்லு." ஒரு கால் மண்ணில் இருந்தால் இழுத்து மேலே நிறுத்துவாய். மழை பெய்யாவிட்டால் என்ற அந்த முதல் வரியை மட்டும் ரோட்டின் நட்டநடுவில் நின்று சொல்லச் சொன்னாய், இரண்டு பக்கத்துக் காட்டுக்கும் கேட்காமல் இருக்க. நான் நடுவில் நின்று சொல்ல, நீ மேல் வளைவில் வண்டி வருகிறதா என்று பார்த்துக் கையைக் காட்டுவாய். காலை பஸ் டிரைவர் இரண்டு நாள் ஹாரன் அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் நிறுத்தி, "இன்னாம்மா, டெய்லி இங்க ஸ்ட்ரைக்கா?" என்றார். நீ விஷயத்தைச் சொன்னாய். அதிலிருந்து நம்மைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியே தலையை நீட்டி "இஃப்!" என்று கத்திவிட்டுப் போவார். பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உனக்கா? நீ பதிலுக்குக் கையாட்டுவாய்.

அந்தப் பதினொரு நாளும் வீட்டு வேலை ஒன்றையும் என்னைத் தொட விடவில்லை. தண்ணீர், அடுப்பு, மாடு, என் பிள்ளை, உன் பிள்ளை, எல்லாம் உன் தலையில். இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. பரீட்சை முடிந்து ஒருநாள் குடத்தைத் தூக்கியபோதுதான் எவ்வளவு கனம் என்று உறைத்தது.

பரீட்சைக்குச் செங்கத்துக்கு நீயும் வந்தாய். "உள்ள போய்ட்டு பயம் வந்தா காலப் பாரு" என்றாய், அவ்வளவுதான். முதல் பகுதியில் வினைச்சொற்கள். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை, கை மட்டும் தானாக ஆடியது. அறுத்து, பிடித்து, கீழே வைத்து. விடைகள் வரிசையாக வந்து விழுந்தன. கண்காணிக்க வந்த அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, கைய ஆட்டிக்கினே இருக்க?"

"சாமை அறுக்கறேன் மேடம்."

அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிட்டு எதுவும் இல்லை, அரிவாள் காய்ப்புதான் இருந்தது. கையை விட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பிறகு இஃப் கேள்விகள் வந்தன. குனிந்து காலைப் பார்த்தேன். சிமென்ட் தரை. இங்கே எவனும் விதைக்கவில்லை. இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டு, மழை பெய்யாவிட்டால், பஸ் வராவிட்டால், அவன் படிக்காவிட்டால் என்று கேட்ட அத்தனை கெட்ட சேதிக்கும் அச்சமில்லாமல் பதில் எழுதினேன்.

திரும்பும் வழியில் மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் கண்ணாடி வழியே நம் காடு கருத்துக் கிடப்பதைப் பார்த்தோம். இறங்கியதும் நனைந்துகொண்டே நின்றிருந்த பூங்காவனத்திடம் நீ விட்ட பேச்சு இருக்கிறதே! "எங்க வூட்டுப் பொண்ணு பதினோரு நாளு ரோட்டுல நின்னு கூப்ட்டா, வந்துச்சு பாத்தியா!" எப்படித்தான் உனக்கு அப்படி நாக்கு திரும்புமோ.

ரிசல்ட்டை ஜமுனாமரத்தூரில் கம்ப்யூட்டர் கடையில் பார்த்தோம். அறுபத்தொன்று. கடைக்காரரை மூன்று முறை சத்தமாகப் படிக்க வைத்தாய். ஊர் எல்லையில் இறங்கியதும் தாரில் நின்றுகொண்டு, களையெடுப்பு நடந்த காடுகளைப் பார்த்துக் கத்தினாய்.

"அறுவத்தொண்ணு! என் ஓரகத்தி இங்கிலீஷ்ல அறுவத்தொண்ணு!"

பிறகு நீயே, "அட, இது நல்ல சேதிதான? காட்டுலயே சொல்லலாம்!" என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கி ஓடினாய். ஓடிக்கொண்டே சொன்னாய். நான் ரோட்டிலேயே நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பால்வாடி டீச்சரான முதல் நாள் உன் சின்னவனைக் கொண்டுவந்து விட்டு, வாசலில் நின்று, "டீச்சர், புள்ளையப் பாத்துக்கங்க" என்றாய். அன்றைக்கு ஒருநாள் மட்டும்தான் "ங்க". மறுநாளே "ஏன்டி, அவன் மூக்கத் தொடச்சியா?" என்று ஆரம்பித்துவிட்டாய். மழைக்காலத்தில் பஸ் நின்றுபோனாலும் நம்மூர் பால்வாடி பூட்டிக் கிடந்ததில்லை. அது உன் வேலை, அக்கா. என் பேர் பலகையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உனக்கு நெஞ்சுவலி வந்து வேலூரில் படுத்திருந்தாயே, அங்கே எழுதிக் கொடுத்த காகிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஹேஸ் பீன் டிஸ்சார்ஜ்ட் என்று நான் படித்ததும் கண்ணைத் திறந்தாய். "ஹேஸ் போட்டானா? அப்ப கட்டுப் போட்டாச்சு. வா, வூட்டுக்குப் போலாம்." பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் நம்மைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பதினொரு மாசம் இருந்தாய். ஒரு அறுப்பையும் ஒரு புளி உலுக்கலையும் பார்த்தாய். மாசியில் போனாய். அன்றிலிருந்து வீட்டில் உப்புப் பார்க்க ஆளில்லை, நான் கரைக்கிற கூழ் ஒருநாளைக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

சரி, கைடு யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறேன். பூங்காவனம்.

போன வருஷம் அவள் மருமகளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்கும் ஆங்கிலம்தான் பாக்கி. கைடைக் கொடுத்தேன். நான் பால்வாடியைத் திறக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், மாமியாரும் மருமகளும் இந்த ரோட்டில் போய்வந்துகொண்டிருப்பார்கள். காட்டில் விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது நம்மூரில் இஃப் என்றாலே ரோடுதான். கைடு பூங்காவனத்தின் கையில் தலைகீழாக இருக்கும். ஆனால் குரல் கணீரென்று கேட்கும். "ரெண்டு காலும் தார்ல இருக்குதா? கட்டுப் போட்டியாடி?"

இன்று காலை மறுபரீட்சை ரிசல்ட் வந்தது. ஐம்பத்திரண்டு! பூங்காவனம் ஓடிவந்து கைடைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள். "ஒங்கக்கா ரேகை வெச்ச பக்கத்துலயே நானும் வெச்சிருக்கேன். கோச்சிக்காத." திறந்து பார்த்தேன். உன் பழுப்பு ரேகைக்குப் பக்கத்தில், வரிக்கு வரி, மஞ்சள் ரேகை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மழை பிந்தி ஆடியில்தான் விதைத்தோம். ஐந்து நாளாகிறது, முளை இன்னும் தெரியவில்லை. எனக்கோ ஒரு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. வீட்டிலோ காட்டிலோ நின்று அதைச் சொன்னால் நீயே வந்து குட்டுவாய் என்று இங்கே வந்தேன். இரண்டு காலும் தாரில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். நீ இருந்திருந்தால், இன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவனத்துக்கு முன்னால் நீ ஓடியிருப்பாய். இங்கிலீஷில்தான் சொன்னேன், சத்தமாக, கட்டுப் போட்டு, ஒரு தப்பும் இல்லாமல். காலை பஸ் அந்த நேரத்தில் கடந்துபோனது. டிரைவர் புது ஆள், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

சரி போட நீ இல்லை. மதகோரத்து மண்ணில் கட்டைவிரலை ஒற்றி, இந்த வரிக்குப் பக்கத்தில் நானே வைத்துவிட்டேன்.